அடம்பிடிக்கும் கோலி: அடித்தால் உடையும், ஆறவைத்தால் இறங்கும்!

சித்திரை மாதத்து மதுரை. அழகர் ஆற்றில் இறங்கும் நாள். வைகைக் கரையிலிருந்து மாசி வீதிகள் வரை மனிதத் தலைகள். வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கிறது. தள்ளுவண்டிக் கடையில் பன்னீர் சோடா வியாபாரம் அனல் பறக்கிறது. கடைக்காரர் ஒரு பக்கம் எலுமிச்சை பிழிய, உதவிக்கு நிற்கும் பையன் பாட்டில்களைத் திறந்து கொடுக்கிறான். ஒரு பாட்டில் மட்டும் திறக்க மறுக்கிறது. மரக்கட்டையை வைத்து அழுத்துகிறான். கோலி இறங்கவில்லை. இன்னொரு முறை, உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து. ம்ஹூம்! பையன் கை மெதுவாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறது.

"டேய் தம்பி, அதை எடுக்காத. பாட்டிலை அங்கிட்டு ஐஸ் தண்ணிக்குள்ள போடு."

"வரிசைல ஆளு நிக்கிறாங்கண்ணே..."

"நிக்கட்டும். வேற பாட்டிலை எடுத்துக் குடு. அது பைய எறங்கும்."

கால் மணி நேரம் கழித்து அதே பாட்டில், அதே மரக்கட்டை, ஒரே அழுத்து. 'டொப்' என்ற சத்தத்தோடு கோலி இறங்கிவிட்டது. பையனுக்கு ஆச்சரியம். கடைக்காரருக்கு இது தினசரி அனுபவம். ஆனால், அந்த ஐஸ் தண்ணீருக்குப் பின்னால் ஓர் அறிவியல் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் சோடா பாட்டில் மட்டுமல்ல, சமையலறையில் குக்கர் மூடி அடம்பிடிக்கும்போதும் கை சுடாமல், கண்ணில் அடிபடாமல் தப்பிக்கலாம்.

பூட்டும் அதுவே, சாவியும் அதுவே!

கோலி சோடா பாட்டிலை உருவாக்கியவர் இங்கிலாந்துக்காரர் ஹிராம் காட். லண்டனின் கேம்பர்வெல் பகுதியைச் சேர்ந்த அவர், கேஸ் அடைத்த பானங்களுக்கென்றே இந்தப் பாட்டிலை வடிவமைத்து 1872-ல் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்தில் சோடா பாட்டில்களைத் தக்கையால்தான் அடைத்தார்கள். தக்கை காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் கேஸ் கசியும். கேஸ் போன சோடா வெறும் தண்ணீர்.

ஹிராம் காட் கண்ட தீர்வு எளிமையானது. பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. வாய்ப்பகுதியின் உட்புறக் காடியில் ஒரு ரப்பர் வாஷர். அவ்வளவுதான். தண்ணீரையும் கரியமில வாயுவையும் அழுத்தத்தோடு நிரப்பும்போது பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். கோலி உருண்டு வாயில் வந்து உட்காரும். உள்ளே இருக்கும் கேஸ் அதை வாஷரோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். நிமிர்த்தினாலும் கோலி விழாது. வெளியேறத் துடிக்கும் கேஸே தன் வாசலைத் தானே பூட்டிக்கொள்கிறது!

கையால் சுற்றும் பழைய சோடா மெஷினைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பாட்டில்களைச் சட்டத்தில் மாட்டிக் கடகடவென்று சுற்றுவார்கள். அந்தச் சுற்றில் பாட்டில் தலைகீழாகி, கேஸ் ஏறி, கோலி பூட்டிக்கொள்ளும். அந்த மெஷினைச் சுற்றி இரும்புத் தடுப்போ கம்பி வலையோ இருப்பதும் காரணத்தோடுதான். பலவீனமான பாட்டில் ஒன்று அழுத்தம் தாங்காமல் வெடித்தால், சில்லுகள் முதலில் தேடுவது அருகில் நிற்பவரின் முகத்தை.

ஏன் அடம்பிடிக்கிறது?

கோலி இறங்காததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது, சூடு. கரியமில வாயுவுக்குக் குளிர்ந்த நீர் பிடிக்கும், சூடான நீர் பிடிக்காது. சாதாரணக் காற்றழுத்தத்தில், 0 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயு கரையும். 25 டிகிரியில் அது 0.8 லிட்டருக்கும் கீழே இறங்கிவிடும். 40 டிகிரியில் அரை லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. தண்ணீரில் இடம் கிடைக்காத கேஸ் எங்கே போகும்? மேலே ஏறிக் கோலியை முட்டும். அதனால்தான் ஐஸில் கிடந்த பாட்டிலைவிட, வெயிலில் நின்ற பாட்டிலுக்குள் அழுத்தம் இரண்டு, மூன்று மடங்கு கூடுகிறது.

அந்த அழுத்தம் எவ்வளவு? அறை வெப்பத்தில் ஒரு நல்ல சோடாவுக்குள் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று, நான்கு கிலோ அழுத்தம் சாதாரணமாக இருக்கும். கார் டயரில் அடைக்கும் காற்றைவிட இது அதிகம். விரல் நுனி அளவுள்ள வாயில் உட்கார்ந்திருக்கும் கோலியை, மூன்று நான்கு கிலோ எடை கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து அழுத்தும் விரல் அதை ஜெயிக்க வேண்டும். வண்டி நாள் முழுக்க வெயிலில் நின்றிருந்தால், போட்டி இன்னும் கடினம்.

இரண்டாவது, பிசுக்கு. வெறும் சோடாவில் இந்தத் தொல்லை குறைவு. சர்க்கரைப்பாகு சேர்த்த 'கலர்' வகைகளில் அதிகம். வாயோரம் கசிந்து காய்ந்த பாகு பசை மாதிரி. கோலியையும் வாஷரையும் ஒட்டவைத்துவிடும்.

மூன்றாவது, வாஷரின் வயது. ரப்பர் காலப்போக்கில் தன் மென்மையை இழக்கும். வெயில் பட்டால் விறைத்து, வெடிப்பு விடும். வடிவம் மாறிய வாஷரில் கோலி ஏடாகூடமாகச் சிக்கிக்கொள்ளும். சில நேரம் இதற்கு நேர்மாறாக, கேஸ் முழுக்கக் கசிந்து பாட்டில் 'செத்த சோடா' ஆகிவிடும்.

நிறைந்த பாட்டிலுக்குக் குளிர்ச்சி!

இதில் மறக்கக் கூடாத விதி ஒன்றே ஒன்றுதான். உள்ளே கேஸ் இருந்தால், முதலில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பலத்தைக் காட்டுவது அதற்குப் பிறகுதான்.

பாட்டிலை ஐஸ் தண்ணீரில் கால் மணி முதல் அரை மணி நேரம் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் கூடுதல் நேரம் ஆகும். ஃப்ரீசரில் வைக்கவே வேண்டாம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். கண்ணாடி விரியாது. விளைவு தெரிந்ததே.

குளிர்ந்த பாட்டிலைக் குலுக்காமல் எடுத்து, சமதளத்தில் வையுங்கள். கழுத்தைச் சுற்றி ஈரத்துணி ஒன்றைக் கட்டுங்கள். முகத்தைப் பாட்டிலுக்கு நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். திறக்கும் கட்டையைக் கோலியின் மேல் நேராக வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் சீராக அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் கோலி ஒரு பக்கமாகச் சிக்கும். கோலி இறங்கியதும் கையை எடுத்துவிடாமல், சில விநாடிகள் அப்படியே பிடித்திருங்கள். சீற்றம் அடங்கும். அவசரப்பட்டு எடுத்தால் நுரை பொங்கிச் சட்டையை நனைக்கும். சில நேரம் கோலி மறுபடி மேலேறிப் பூட்டிக்கொள்வதும் உண்டு.

ஆணி, கத்தி முனை, ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் ஆகிய நான்கையும் தொடாதீர்கள். கண்ணாடியில் விழும் ஒரு சின்னக் கீறல் போதும். அந்த இடத்தில் உள்ளழுத்தம் குவிந்து, பாட்டில் அப்போதே பிளக்கலாம். அல்லது அப்போது தப்பித்து, அடுத்த முறை கேஸ் ஏற்றும்போது சோடா கம்பெனித் தொழிலாளியின் கையில் பிளக்கலாம். இன்று காட்டும் அவசரத்துக்கு முன்பின் தெரியாத ஒருவர் விலை கொடுக்க நேரிடும்.

குடிக்கும்போது கோலி குறுக்கே வந்து தொல்லை தருகிறதா? பாட்டில் கழுத்தில் இரண்டு குழிகள் இருக்கும். அந்தக் குழிகள் உள்ள பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்தால், கோலி அங்கே மாட்டிக்கொண்டு வழிவிடும். கழுத்தில் அந்த இடுக்கு இருப்பதே அதற்காகத்தான்.

காலி பாட்டிலுக்கு வெந்நீர்!

காலியான பாட்டிலில் கோலியோ வாஷரோ ஒட்டிக்கொண்டால் வைத்தியமே வேறு. அங்கே கேஸ் இல்லை, பிசுக்குதான் எதிரி. சர்க்கரையைக் கரைப்பது வெந்நீர். பாட்டிலின் வாய்ப்பகுதியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் பாகு கரையும், ரப்பரும் இளகும். கொதிக்கும் நீர் வேண்டாம். குளிர்ந்த கண்ணாடி மேல் கொதிநீர் பட்டால் விரிசல் விடும்.

பலரும் கேட்கும் கேள்வி: 'கோலியை வெளியே எடுக்க முடியுமா?' ஹிராம் காட்டின் வடிவமைப்பில் முடியாது. பாட்டில் செய்யும்போது, வாயைச் சுருக்குவதற்கு முன்பே கோலியை உள்ளே போட்டுவிடுவார்கள். அந்தக் கோலிக்கு ஆசைப்பட்டுப் பாட்டிலை உடைத்த சிறுவர்கள் மதுரையிலும் இருந்தார்கள், லண்டனிலும் இருந்தார்கள். பழைய பாட்டில்கள் இன்று அரிதாகிப்போனதற்கு அந்தக் கோலி ஆட்டக்காரர்களும் ஒரு காரணம்.

கோலி வெளியே வராது என்பதால், கழுவுவதில் கூடுதல் கவனம் தேவை. சோப்புத் தண்ணீர் ஊற்றி, கையால் வாயை மூடிக் குலுக்கினால் கோலியே பிரஷ் போல உருண்டு கழுத்தைத் தேய்க்கும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிக் கவிழ்த்துவிட வேண்டும். வாஷருக்கு அடியில் இருக்கும் காடிதான் அழுக்கு ஒளியும் இடம். வாஷரை மழுங்கிய முனையுள்ள குச்சியால் நெம்பி எடுக்கலாம். விறைத்த வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. பாட்டிலுக்கு வயது பல ஆண்டுகள். வாஷருக்கு அந்த ஆயுள் கிடையாது. பாட்டிலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வாஷரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தக்கை உள்ளே விழுந்த பீப்பாய்!

இதே பாடத்தை மேலைநாட்டுக்காரர்கள் வேறு வடிவத்தில் படிக்கிறார்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் 5 லிட்டர் தகரப் பீப்பாய்களில் பீர் விற்கிறார்கள். அதன் தலையில் ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கும். அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ். வீட்டிலேயே பானம் தயாரிக்கும் பழக்கமுள்ளவர்கள், காலியான பீப்பாயைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தப் பார்ப்பார்கள். தடை, அந்த அடைப்பான்தான். இடுக்கியால் இழுத்தால் ரப்பர் கிழியும். குத்தினால் உள்ளே விழுந்து கடகடவென்று ஆடும். கம்பியை விட்டு நெம்பினால் உட்புறப் பூச்சு கீறுபட்டு, தகரம் துருப்பிடிக்கும். அதோடு பீப்பாயின் ஆயுள் முடிந்தது.

அனுபவசாலிகள் முதலில் குமிழைத் திறந்து மிச்சமிருக்கும் கேஸை வெளியேற்றுவார்கள். பிறகு வெந்நீரில் ரப்பரை இளகவைப்பார்கள். அதன்பின் மழுங்கிய கருவியால் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவார்கள். கேஸை இறக்கு, ரப்பரை இளக்கு, பிறகு நெம்பு. மதுரைத் தள்ளுவண்டிக்காரரின் வழியும் ஜெர்மன் பீப்பாய்க்காரரின் வழியும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது, 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் இஞ்சி பானம், கொம்புச்சா என்று நொதிக்கவைக்கும் பானங்கள் இப்போது வீடுகளுக்குள் வந்துவிட்டன. அவற்றைக் காலி சோடா பாட்டிலிலோ ஜாம் பாட்டிலிலோ இறுக மூடி வைப்பது ஆபத்து. சர்க்கரை இருக்கும்வரை ஈஸ்ட் கேஸ் விட்டுக்கொண்டே இருக்கும். மதுரை வெயிலில் அது இரட்டை வேகம் எடுக்கும். மூடிய கண்ணாடிப் பாட்டில் சமையலறை மேடையிலேயே வெடிக்கலாம். கேஸ் பானங்களுக்கென்றே வரும் பிளாஸ்டிக் பாட்டில் இதற்குப் பாதுகாப்பானது. தொட்டால் பாட்டில் கல் போல இறுகியிருக்கிறதா? உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். குளிர்ந்த பிறகு மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தலாம்.

குக்கரும் கோலி சோடாவும் உறவுக்காரர்கள்!

சமையலறையில் இந்தப் பாடம் அதிகம் தேவைப்படுவது பிரஷர் குக்கருக்கு. உள்ளே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம். தண்ணீர் கொதிப்பது 120 டிகிரியில். மூடி திறக்கவில்லை என்றால், 'இன்னும் நேரம் வரவில்லை' என்று அது சொல்வதாகத்தான் அர்த்தம். அடுப்பை அணைத்துக் காத்திருங்கள். அவசரமென்றால் குக்கரின் பக்கவாட்டில் குளிர்ந்த தண்ணீர் படட்டும். வெயிட்டை லேசாகத் தூக்கிப் பார்த்து, ஆவி துளியும் இல்லை என்றால் மட்டுமே மூடியைத் தொடலாம்.

சில நேரம் நேர்மாறான சங்கடமும் வரும். வெயிட்டோடு முழுக்க ஆறிய குக்கரில் ஆவியெல்லாம் தண்ணீராகி, உள்ளே வெற்றிடம் உண்டாகியிருக்கும். வெளியே இருக்கும் காற்று மூடியை அமுக்கிப் பிடிக்கும். அப்போது கரண்டிக் காம்பை விட்டு நெம்பாதீர்கள். வெயிட்டை எடுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனதும் மூடி தானாக வழிக்கு வரும். கேஸ்கெட் விறைத்தாலோ தளர்ந்தாலோ மாற்றிவிடுங்கள். குக்கர் வாங்கும்போது ஐ.எஸ். 2347 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பி வரும் பாட்டில்

அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் 1892-ல் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு தட்டில் மூடி, ஒரு நெம்பில் திறக்கும் அந்த வசதிக்கு முன்னால் கோலி பாட்டில் மேலைநாடுகளில் தோற்றுப்போனது. ஜப்பானில் 'ராமுனே' என்ற பெயரில் அது பிழைத்துக்கொண்டது. வட இந்தியாவில் 'பண்ட்டா'. தமிழ்நாட்டில் கோலி சோடா.

மதுரையைச் சுற்றியுள்ள சீமைக்கு சோடாவும் கலரும் பழைய சொந்தம். இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் விருதுநகரில், அது விருதுபட்டியாக இருந்த 1916-லேயே, பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் காளிமார்க் நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். மேடைப் பேச்சாளருக்குத் தொண்டை வறண்டால் சோடா. மயங்கி விழுந்தவர் முகத்தில் தெளிக்கவும் சோடா. வயிறு உப்பினாலும் சோடா. கலவரம் வந்தால் பறந்ததும் சோடா பாட்டில்தான். 2014-ல் விஜய் மில்டன் இயக்கிய படத்துக்குக்கூட 'கோலி சோடா' என்றுதான் பெயர்.

பிளாஸ்டிக் பாட்டில்களின் வரவால் ஒதுங்கிய கோலி, மீண்டும் தலைகாட்டுகிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா நாடுகளுக்கு இந்தியக் கோலி சோடா ஏற்றுமதி ஆவதாக மத்திய வர்த்தக அமைச்சகம் 2025 மார்ச்சில் அறிவித்தது. எங்கு வாங்கினாலும் லேபிளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வாஷரோரம் கறுப்புப் படிந்த பாட்டிலை, தாகம் எவ்வளவு எடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குடித்து முடித்ததும் பாட்டிலைக் கீழே போடாமல் கடைக்காரரிடமே கொடுத்துவிடுவதும் முக்கியம். அந்தப் பாட்டில் அவருடைய முதல். கழுவி, வாஷர் மாற்றி, கேஸ் ஏற்றி, மறுபடி வண்டிக்கு வர வேண்டியது. ஒரு பாட்டில் உடைந்தால் அன்றைய லாபத்தில் ஒரு பங்கு உடைகிறது. தெருவில் செருப்பில்லாமல் நடக்கும் பக்தரின் காலும் கிழிகிறது.

மாசி வீதியில் இருட்டத் தொடங்கிவிட்டது. கூட்டம் குறைந்ததும் கடைக்காரர் காலி பாட்டில்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிறார். மதியம் அடம்பிடித்த பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். கண்ணாடியில் கீறல் இல்லை. வாஷரைத்தான் விரலால் தடவி உதட்டைப் பிதுக்குகிறார்.

"இதுக்கு வாஷர் மாத்தச் சொல்லணும்டா. மறந்துறாத, தனியா வை."

பையன் அந்தப் பாட்டிலை மட்டும் பெட்டியின் ஓரத்தில், துணி சுற்றித் தனியே வைக்கிறான்.